அக்காவை எங்கே விட்டாய்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் மதுரைக் கட்டுரையைப் படித்தேன். முதல் வரியில் நீயும் உன் அக்காவும் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்குகிறீர்கள். இரண்டாம் பத்தியில் அக்காவைக் காணோம். பிறகு ஜிகர்தண்டா கடையில்தான் வருகிறார், அதுவும் காசு கொடுக்க. அரைநாள் கூடவே நடந்தவர் வாயே திறக்கவில்லையா? எரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்று. மீனாட்சி கோயில் முடிந்ததும் அடுத்த வரியில் திருமலை நாயக்கர் மகால். நடுவில் இருந்த தெருக்களை யார் தின்றது? ஆட்டோவில் போனவன் எழுதியது போல இருக்கிறது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரிகிற ஊர் அது. கால் எந்த வீதியில் வலிக்க ஆரம்பித்தது என்று எழுதினாலே ஊர் பாதி தெரிந்துவிடும். நீ இறங்கிய பேருந்து நிலையத்தின் பக்கத்திலேயே பழைய கோட்டையின் ஒரு துண்டு நிற்கிறது, தாண்டிப் போயிருக்கிறாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அப்படிக் கிடைத்த இடத்தில்தான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் தெருப்பெயர்களாகத் தங்கிவிட்டார்கள். கலெக்டரின் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. இடித்தவர்களுக்கு இவ்வளவு மரியாதை செய்த ஊர் வேறு உண்டா? மகால் தூணின் பருமனுக்கு ஒரு பத்தி செலவழித்தவனுக்கு இதற்கு நாலு வரி கிடைக்கவில்லை!

நானும் என் தங்கையும் மதுரையில் சண்டை போடாமல் நடந்ததே இல்லை. எனக்குத் தூண், அவளுக்குத் துணி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி பார்க்க ஒரு சந்துக்குள் இழுத்துப் போனாள். முணுமுணுத்தபடி போய் நிமிர்ந்தால், கடைகளுக்கு மேலே நாயக்கர் அரண்மனையின் பத்துத் தூண்கள், கூரையில்லாமல். "இதுக்கா வரமாட்டேன்னே?" என்றாள். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

ஆனால் அந்த ஜிகர்தண்டா வரி! உன் டம்ளரில் இருந்த கடற்பாசியை அக்கா கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டுக் காசை நீட்டுகிறார். பொறாமையாக இருந்ததடா. இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு இப்படி ஒரு வரி வாய்க்கவில்லை.

கட்டுரையை அக்காவிடம் கொடு. "அப்படி நடக்கவேயில்லை" என்று எங்கெல்லாம் சொல்கிறாரோ, அங்கெல்லாம் அவர் சொன்னதை அப்படியே சேர்த்து எனக்கு அனுப்பு. மகால் தூண் பத்தி மட்டும் வேண்டாம்.