வீட்டுக் கழிவுத் தொட்டியைப் பேணும் முறை

கிராமத்தில் கழிப்பிடம் கட்டுதல் முதற்கட்டம். கட்டியதைப் பேணுதல் இரண்டாம் கட்டம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை பாரத இயக்கம் தொடங்கப்பெற்றதிலிருந்து முதற்கட்டத்தைக் குறித்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாம் கட்டத்தைப் பற்றியோ பேச்சு குறைவு. தொட்டி மண்ணுக்குள் மறைந்து கிடப்பதால் மனத்திலிருந்தும் மறைந்துவிடுகிறது. அது நிரம்பிப் பொங்கிய பின்னரே வீட்டார் பதறுகின்றனர். அந்தப் பதற்றத்தில்தான் எவரையேனும் அழைத்து உள்ளே இறக்கும் கொடுமை நேர்கிறது. ஆகவே, தொட்டியைக் காலம் குறித்துப் பேணினால் வீட்டிற்கும் நலம். ஓர் ஏழையின் உயிருக்கும் காப்பு. இதனை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் மனத்திற்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில் இருப்பது எது?

'செப்டிக் டேங்க்' என்று நம் ஊர்களில் வழங்குபவை யாவும் ஒன்றல்ல. மூன்று வகைகள் உண்டு. முதலாவது, இரட்டை உறிஞ்சு குழி. ஐந்தாறு பேருள்ள குடும்பத்திற்கு ஒரு குழி நிரம்பச் சுமார் 3 ஆண்டுகள் ஆகும். நிரம்பியதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். மூடிய குழியை 2 ஆண்டுகள் அப்படியே விட்டால் உள்ளே இருப்பது மட்கி உரமாகும். இரண்டாவது, அடித்தளமும் சுவரும் பூசிய, நீர் கசியாத, தடுப்புச் சுவருடைய தொட்டி. இதுவே உண்மையான செப்டிக் தொட்டி. மூன்றாவது, சிமெண்டு உறைகளை ஆழமாக இறக்கி, அடியைத் திறந்தே விட்ட ஒற்றைக் குழி. இது பல ஆண்டுகள் நிரம்பாதிருப்பதைச் சிலர் பெருமையாகக் கூறுவர். நிரம்பாமைக்குக் காரணம் கழிவுநீர் நிலத்தடி நீரோடு கலந்துகொண்டிருப்பதே. அருகில் குடிநீர்க் கிணறோ அடிபம்போ இருப்பின் கேடு சொல்லத்தக்கதன்று.

தொட்டி இயங்கும் விதம்

தொட்டியினுள் கழிவு ஒரு நாளேனும் அசையாது தங்கவேண்டும். அப்போது கனமானது அடியில் கசடாகப் படியும்; இலேசானது மேலே ஏடாக மிதக்கும்; இடையிலுள்ள நீர் 'டீ' வடிவக் குழாய் வழியே வெளியேறி உறிஞ்சு குழிக்குச் செல்லும். காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் கசட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. ஆயினும் முழுவதும் கரைவதில்லை. ஆண்டுதோறும் மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். சேர்ந்த கசடு நீருக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டால், கழிவு தங்காமல் நேரே உறிஞ்சு குழிக்குப் பாயும். குழியின் மண்துளைகள் அடைபடும். தொட்டியைச் சுத்தம் செய்வது எளிது. அடைபட்ட உறிஞ்சு குழியைச் சீராக்குவது அரிது.

ஐவர் குடும்பத்திற்கு 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் 1 மீட்டர் நீர் ஆழமும் உள்ள தொட்டி போதுமென இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதாவது சுமார் 1,100 லிட்டர். அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டிவிட்டு, 'என் காலம் வரை எடுக்கவேண்டியதில்லை' என்று இருந்துவிடுதல் சரியன்று. தொட்டியிலிருந்து வெளிவரும் நீரிலும் நோய்க்கிருமிகள் உண்டு. ஆகவே அதனைத் தெருச்சாக்கடையிலோ ஏரிவாய்க்காலிலோ விடலாகாது. உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு, அதாவது சுமார் 60 அடிக்குக் குறையாமல் தள்ளியிருக்கவேண்டும்.

வீட்டார் கடைப்பிடிக்க வேண்டியவை

1. குளியல் நீரையும் சமையலறை நீரையும் தொட்டியில் விடாதீர். தனி உறிஞ்சு குழிக்கோ வாழை மரத்தடிக்கோ திருப்புக.

2. துணி, மாதவிடாய் அணையாடை, பிளாஸ்டிக், எண்ணெய், மணல், சாம்பல் ஆகியவற்றைக் கழிப்பிடத்தில் போடாதீர்.

3. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் மிகுதியாக ஊற்றினால் கசட்டைக் கரைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். தேய்த்துக் கழுவத் தென்னந்துடைப்பமும் சிறிது சோப்பும் போதும். கசட்டைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகள், கசடு எடுப்பதற்கு ஈடாகா.

4. காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுக. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இத்தகைய தொட்டிகளில் பெருகும்.

5. மூடியின்மேல் தளம் போட்டு மறைத்துவிடாதீர். கசடு எடுக்கும் வண்டியின் குழாய் எட்டுமாறு வழி விடுக.

6. ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்க. நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால், கறுத்த பகுதி கசட்டின் உயரத்தைக் காட்டும். நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டினால் எடுத்தாக வேண்டும். அளக்க இயலாதவர் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிடுதல் நன்று. மூடியைத் திறக்கும்போது தலையை உள்ளே நீட்டலாகாது; பீடியோ விளக்கோ அருகில் கூடாது; குழந்தைகளையும் கால்நடைகளையும் அண்டவிடலாகாது.

7. வண்டி எடுக்கும்போது எல்லா அறைகளிலும் எடுக்கச் செய்க. அடியில் சிறிது கசடு நிற்கட்டும். அதுவே புதிய நுண்ணுயிர்களுக்கு வித்து. கழுவித் தேய்க்க வேண்டா.

ஒருவரையும் உள்ளே இறக்கலாகாது

தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை தேங்கி நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று எண்ணுபவர் இறப்பை நோக்கியே இறங்குகிறார். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய மற்றொருவரும் மடிவது வழக்கமாக நிகழும் அவலம். எவரேனும் விழுந்துவிட்டால் பின்தொடர்ந்து இறங்காதீர். உடனே தீயணைப்புத் துறையை அழைத்துக்கொண்டே, மேலிருந்து காற்றுப் புகச் செய்க.

இது கருணையைப் பொறுத்த செய்தி மட்டுமன்று, சட்டமும் ஆகும். உரிய பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுத் தொட்டியில் இறக்கி வேலை வாங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதற்குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். கழிவுநீர்ச் சாக்கடையில் இறப்போரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணையிட்டது. எனினும் போன உயிருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. தலைமுறை தலைமுறையாக ஒரு பிரிவினர் தலையிலேயே இவ்வேலையைச் சுமத்திவந்த வழக்கம் நம் ஊர் எல்லையில் இனியும் தொடரலாகாது.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

வண்டிக் கசட்டை வயலில் கொட்டச் சொல்லி வாங்குவோர் உண்டு. பச்சைக் கசட்டில் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகள் உயிரோடு இருக்கும். வெறுங்காலுடன் நாற்று நடுவோரையும் பச்சைக் காய்கறி உண்போரையும் அவை பற்றும். 2 ஆண்டு மூடிக் கிடந்த இரட்டைக் குழியின் உரம் வேறு; நேற்று உறிஞ்சிய தொட்டிக் கசடு வேறு. பின்னது சுத்திகரிப்பு நிலையத்திற்கே செல்லவேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் அத்தகைய நிலையம் அமைந்திருக்கிறது.

ஊராட்சியின் கடமை

ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு பதிவேடு தொடங்குவது நலம். வீட்டு எண், தொட்டியின் வகை, கட்டிய ஆண்டு, கடைசியாக எடுத்த நாள் என நான்கு பத்திகள் போதும். அதைக் கொண்டு தெருவாரியாக முறை வைத்து ஒரே நாளில் பல வீடுகளுக்கு வண்டியை வரவழைக்கலாம். கசடு எங்குக் கொட்டப்படுகிறது என்பதை வண்டிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபையில் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்துவிடும். மழையில் ஊறிய நிலம் தொட்டி நீரை ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

நாள் குறித்து எடுக்கும் வீட்டில் தொட்டி பொங்குவது அரிது. பொங்காத வீட்டில் எவரையும் இறக்கும் தேவை எழுவதில்லை. பதிவேட்டில் எழுதும் ஒரு தேதி ஓர் உயிரைக் காக்கும். அத்தேதியை இவ்வாண்டே எழுதத் தொடங்குவோமாக.