மேடை ஏறும் முன்பே பிறந்த நாடகம்

கேள்வி: பேனிக்! அட் த டிஸ்கோ குழுவின் முதல் ஆல்பத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி கேட்டேன். பாப்-பங்க்காகத் தொடங்குகிறது; பாதியில் பழைய நாடகக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. ஒரு ராக் குழுவுக்கு இந்த நாடகத்தனம் எங்கிருந்து வந்தது?

பதில்: 'எ ஃபீவர் யூ கான்ட் ஸ்வெட் அவுட்' 2005 செப்டம்பரில் வெளிவந்தது. குழு லாஸ் வேகாஸைச் சேர்ந்தது என்பதால், அந்த ஊரின் கேளிக்கை விடுதிகள்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. எழுதியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர். வேர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இந்தக் குழு சார்ந்த எமோ வகை இசையில் பாடகர் தன் சொந்த நாட்குறிப்பைத் தானே உரக்க வாசிப்பதுதான் வழக்கம். இந்தக் குழுவிலும் முதலில் பாடியது கிதார் வாசித்த ரயன் ராஸ்தான். பிறகு சேர்ந்த பிரெண்டன் யூரியின் குரலை ஒத்திகையில் கேட்டதும் அவரையே முன்னால் நிறுத்தினார்கள். வரிகள் மட்டும் ராஸிடமே இருந்தன. அந்த நொடியிலேயே யூரி நடிகராகிவிட்டார். அவர் வாயில் வருவது இன்னொருவர் எழுதிக் கொடுத்த வசனம்.

இன்னொரு காரணமும் உண்டு. ராஸ் தங்கள் பாடல்களை இணையம் வழியாக ஃபால் அவுட் பாய் குழுவின் பீட் வென்ட்ஸுக்கு அனுப்பினார். வென்ட்ஸ் நேரில் வந்து ஒத்திகையைக் கேட்டுவிட்டு அவர்களோடு ஆல்பத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அதுவரை அவர்கள் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை! எவருக்கும் இருபது வயது ஆகவில்லை. சுமார் 11,000 டாலர் செலவில், மேட் ஸ்க்வையர் தயாரிப்பில், மேரிலாந்தில் ஒலிப்பதிவு நடந்தது. கச்சேரி செய்து பழகிய குழுவுக்குக் கூட்டம் எதற்குக் கைதட்டும், எதற்கு நெளியும் என்று தெரிந்திருக்கும். இவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் தயக்கமே இல்லாமல் ஆல்பத்தின் நடுவில் 'இன்டர்மிஷன்' என்று ஓர் இடைவேளையையே வைத்தார்கள்.

இடைவேளைக்கு முன் சின்தசைசரும் டிரம் மெஷினும். பின்னால் பியானோ, அக்கார்டியன், தந்திக் கருவிகள். 'ஐ ரைட் சின்ஸ் நாட் டிராஜடீஸ்' தொடங்கும்போது செல்லோவை வில்லால் இழைக்காமல் விரலால் சுண்டுவது கேட்கும். திரை விலகுவதற்கு முன் பூனை நடை நடப்பது போன்ற சத்தம் அது. கல்யாணத்துக்குள் சர்க்கஸ் புகுந்துவிடும் அதன் வீடியோ 2006இல் எம்டிவியின் அந்த ஆண்டின் சிறந்த வீடியோவாகத் தேர்வானது. கடைசிப் பாட்டான 'பில்ட் காட், தென் வீல் டாக்'கில் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தின் மெட்டு ஒன்றே எட்டிப்பார்க்கிறது. முன்பாதியின் மின்னணுத் தாளங்களில் 2005இன் வாடை அடிக்கிறது. பின்பாதி அன்றைக்கே பழைய காலத்து வேஷம் போட்டுக்கொண்டு வந்ததால், இன்று கேட்டாலும் பழசாகத் தெரியவில்லை.

ஆனால் வேஷத்துக்குள் இருப்பது வெறும் விளையாட்டல்ல. 'கமிசாடோ' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். குடியால் ஆஸ்பத்திரிக்குப் போகும் தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் எழுதியது அது. ராஸின் தந்தை ஆல்பம் வந்த மறு வருடமே இறந்துபோனார். அந்தப் பாட்டைத் தானே பாட நேர்ந்திருந்தால் ராஸ் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பாரா? எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நண்பனின் குரல் அவருக்கு ஒரு முகமூடியைக் கொடுத்தது. முகமூடி வந்ததும் துணிச்சலும் வந்தது. இந்த ஆல்பத்தை நான் நேசிப்பது அதற்காகத்தான்.

2009இல் ராஸ் விலகினார். கடைசியில் யூரி மட்டுமே எஞ்சி, 2023 வரை குழுவின் பெயரைச் சுமந்தார். நல்ல பாடல்கள் வந்தன; ஆனால் எழுதுபவருக்கும் பாடுபவருக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி திரும்பவில்லை. யூரி என்னவோ நிஜ மேடைக்கே போய்ச் சேர்ந்தார்: 2017இல் பிராட்வேயில் 'கிங்க்கி பூட்ஸ்' இசை நாடகத்தில் சார்லி பிரைஸாக நடித்தார்.