மின்சாரத்திற்கும் வேளை உண்டு

வரத்து மிகுந்த காலத்தில் பருத்திக்கு ஒரு விலை. வரத்துக் குன்றிய காலத்தில் வேறொரு விலை. இதனை அங்கத்தினர் அனைவரும் அறிவர். மின்சாரமும் அத்தகையதே. ஆனால் பருத்தியைக் கிடங்கில் இருப்பு வைப்பது போல் மின்சாரத்தை எளிதில் இருப்பு வைக்க இயலாது.

நண்பகலில் கமுதி முதலிய இடங்களிலுள்ள சூரிய மின் நிலையங்கள் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. அந்தி சாய்ந்ததும் அவை ஓய்ந்துவிடுகின்றன. அவ்வேளையில்தான் இராஜபாளையத்து நூற்பாலைகளும், சத்திரப்பட்டித் தறிகளும், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு விளக்குகளும் ஒருங்கே மின்சாரம் கேட்கின்றன. அதனை ஈடுசெய்ய ஆகும் செலவு மிகுதி.

ஆகவேதான் உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகள் காலை 6 முதல் 10 வரையிலும், மாலை 6 முதல் 10 வரையிலும் பயன்படுத்தும் மின்சாரத்திற்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணமும், இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு சலுகையும் 2022ஆம் ஆண்டின் தமிழகக் கட்டண ஆணையில் விதிக்கப்பட்டன. வேளாண்மை நீங்கலாக, வீடுகளுக்கும் வேளைக்கேற்ற கட்டணம் வேண்டும் என்பது 2023இல் திருத்தப்பட்ட மத்திய அரசு விதி. உச்ச வேளையில் தேவையைக் குறைக்க இசையும் நுகர்வோரைச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை அதே ஆண்டில் மும்பையில் டாடா பவர் நிறுவனம் தொடங்கியது.

ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். நூறு வீட்டார் மாலை 7 மணிக்கு ஓட்டும் ஒரு குதிரைச் சக்தி மோட்டாரை நண்பகலுக்கு மாற்றினால், அந்திவேளையில் சுமார் 75 கிலோவாட் சுமை குறையும். ஒருவரால் ஆகாதது நூறு பேரால் ஆகிறது; கூட்டுறவின் பாடமும் இதுவன்றோ!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வேளையை மாற்றினால் யூனிட் குறைவதில்லை. மொத்த யூனிட்டை மட்டும் காட்டும் மீட்டர் உள்ள வீட்டில் இதனால் கட்டணமும் குறையாது. பகலெல்லாம் வயலில் உழைத்து, அந்தியில் தறியில் அமரும் குடும்பத்தால் வேளையை மாற்றவும் இயலாது. கூடுதல் கட்டணம் வந்தால் அச்சுமை அவர்கள் தலையிலேயே விழும்.

எனவே, இத்தகைய திட்டம் எதிலும் கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்:

1. எமது மீட்டர் மணிவாரியாகக் கணக்கிடுமா?

2. சேர்வதும் விலகுவதும் எம் விருப்பமா?

3. குறைத்த மின்சாரத்திற்குரிய சலுகை கட்டணச் சீட்டில் தெளிவாகக் காட்டப்படுமா?

இவற்றிற்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே இசைவளித்தல் நலம். தனியொருவர் கேட்பதினும், சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிக் கேட்பது வலிமையுடைத்து.