இரவல் மேசையில் கிடைத்த கட்டுரை

லோட்கா விதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ஒரு துறையில் எழுதுகிறவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஒரே கட்டுரையோடு நின்றுவிடுவார்கள் என்பது 1926-இல் ஆல்ஃபிரட் லோட்கா போட்ட கணக்கு. நூலக அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் வரை நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். முனைவர் பட்டத்துக்காக எழுதியது ஒன்று, அதன்பின் எதுவுமில்லை.

நேரமில்லை என்றே நம்பினேன். வாரம் 16 மணி நேர வகுப்பு, விடைத்தாள் திருத்துவது, கல்லூரியைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறதென்றால் மலைபோலக் கோப்புகள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கியதும் பதறி, நான்கே நாளில் ஏற்புக் கடிதம் அனுப்பிய ஓர் ஆய்விதழுக்குப் பணம் கட்டினேன். ஓர் எழுத்துப்பிழையைக்கூட அவர்கள் திருத்தவில்லை. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியபோது அதுவும் போயிற்று. பணம் போனதைவிட, மூன்று மாதம் அலைந்து சேர்த்த தரவை வேறெங்கும் அனுப்ப முடியாமல் போனதுதான் வலித்தது.

அடுத்த கட்டுரைக்கு வழிகாட்டியவர் எங்கள் நூலக இரவல் பிரிவில் இருந்த அக்கா. "மேடம், பசங்க தமிழ் வழிப் புத்தகத்துக்குத்தான் வரிசையில நிக்கிறாங்க. நாம வாங்கி அடுக்குறது பூரா இங்கிலீஷ்" என்றார் ஒருநாள். கோஹா நூலக மென்பொருளில் மூன்றாண்டு இரவல் பதிவுகளை எடுத்து, மாணவர் பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. தமிழ் நூல்களின் சில படிகளே கை மாறிக்கொண்டிருந்தன. புதிதாக வாங்கியவற்றில் பல ஒருமுறைகூட வெளியே போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1924 முதல் பணியாற்றிய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், 1931-இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் வாசகருக்கே முதலிடம் தந்தார். நம் துறையிலோ ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து தரவை இறக்கி, எந்த ஆண்டில் எத்தனை, எந்த நாட்டில் எத்தனை என்று எண்ணி முடிக்கும் கட்டுரைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. அவற்றால் எந்த நூலகத்திலும் எதுவும் மாறுவதில்லை.

எழுதும் முறையையும் மாற்றினேன். விடுமுறைக்காகக் காத்திருப்பதை விட்டேன். காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை மட்டும், கைபேசி வேறு அறையில். தரவு திரட்டும்போதே ஆய்வுமுறைப் பகுதியை எழுதிவிடுவேன். பிறகென்றால் நினைவில் நிற்காது. முன்னுரை கடைசியில்தான். அனுப்பப்போகும் இதழின் கட்டுரைகளில் இருபதையாவது முதலில் படித்துவிடுவேன். நம் துறை இதழ்களான, 1954-இலிருந்து வரும் அன்னல்ஸ், டெசிடாக் இதழ் இரண்டுக்கும் நான் கட்டணம் கட்டியதே இல்லை.

இரவல் பதிவுகளைப் பற்றிய கட்டுரைக்கு முதல் மதிப்பீட்டறிக்கை இரண்டு பக்கம் வந்தது. ஒரு வாரம் அதைத் திறக்க மனம் வரவில்லை. பிறகு ஒவ்வொரு குறையையும் ஒரு வரியில் எழுதி, எதிரே என் பதிலை எழுதினேன். பாதிக்கு மேல் மதிப்பீட்டாளர் சொன்னதே சரி. ஏழு மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது.

2025 பிப்ரவரியில் கேர் என்ற தன் ஆய்விதழ்ப் பட்டியலையும் மானியக் குழு நிறுத்திவிட்டது. இனி இதழைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். தாங்கள் அந்தக் குழுவில் இருப்பதே சிலருக்குத் தெரிந்திருக்காது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர்களே, வாரம் ஒரு மணி நேரம் உங்கள் நூலக இரவல் மேசைக்கு அருகில் போய் உட்காருங்கள். இரவல் பதிவுக் கட்டுரைக்கு அடுத்து நான் எழுதியதற்குத் தரவு திரட்டியவர் எங்கள் இரவல் பிரிவு அக்காதான். அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது.