பேலிக்சுக்குச் சமயம் கிடைத்தது

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கன்வென்ஷன் பந்தலில் கடைசி ராத்திரிக் கூட்டத்தில் உள்ளம் உடைந்ததாகவும், செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் நிதானமாக உட்கார்ந்து ஒரு தீர்மானத்துக்கு வரப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். முதல் பாதியை வாசித்ததும் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

அப்போஸ்தலர் நடபடிகள் 24-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள். செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸ், மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து, கைதியான பவுலை வரவழைத்துக் கேட்கிறான். பவுல் நீதியைப் பற்றியும் இச்சையடக்கத்தைப் பற்றியும் வரப்போகும் நியாயத்தீர்ப்பைப் பற்றியும் பேசப் பேச, அவனுக்கு நடுக்கம் எடுக்கிறது. இப்போதைக்குப் போகட்டும், சமயம் வாய்க்கும்போது கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறான். நம் பிரசங்கிமார் அநேகர் இந்த இடத்தில் நிறுத்தி, அந்தச் சமயம் அவனுக்கு வரவே இல்லை என்று முடித்துவிடுவார்கள். அது சரியில்லை. அடுத்த வசனத்தைப் படித்துப் பார். சமயம் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. லஞ்சம் ஏதாவது கைக்கு வரும் என்ற நினைப்பில் பலமுறை பவுலை அழைத்துப் பேசினான். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. பிறகு பொர்க்கியு பெஸ்து பதவிக்கு வந்தபோது, பேலிக்ஸ் யூதரைப் பிரியப்படுத்துவதற்காகப் பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் மறுபடி நடுங்கியதாக வேதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பேசினவர் அதே பவுல்தான். கேட்ட காதுதான் மரத்துப்போயிற்று.

எனக்குப் பயம் அதில்தான். நாளைக்கே சாவு வந்துவிடும் என்று உன்னை மிரட்டப் போவதில்லை. பரீட்சை முடிந்த பிறகும் நீ சுகமாகத்தான் இருப்பாய். ஆனால் இன்றைக்கு உன்னைக் குத்துகிற வசனம் அன்றைக்கு ஒரு நல்ல பிரசங்கமாக மட்டும் காதில் விழும்.

உன் வயதுக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். 270-ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் ஒரு கிராமம். அந்தோணி என்ற வாலிபனுக்கு வயது பதினெட்டு, இருபது இருக்கும். தாய் தகப்பன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு தங்கை. நல்ல விளைநிலம் மட்டும் நம் கணக்கில் ஏறக்குறைய 200 ஏக்கர். ஒருநாள் கோவிலுக்குள் நுழையும்போது, உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கும்படி இயேசு ஓர் ஐசுவரியவானுக்குச் சொன்ன பகுதி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தனக்கென்றே வாசித்தார்கள் என்று எடுத்துக்கொண்டான். வெளியே வந்த கையோடு நிலத்தை ஊராருக்குக் கொடுத்தான். மற்றச் சாமான்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்து, தங்கைக்கென்று கொஞ்சம் வைத்தான். பிறகு அதையும் கொடுத்துவிட்டு, அவளை விசுவாசமுள்ள கன்னியரின் பொறுப்பில் விட்டான். (தங்கையின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு. இதை எழுதி வைத்த அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியு அதைச் சொல்லவில்லை.)

நூறு வருஷத்துக்கு மேல் கடந்து 386-இல் இத்தாலியின் மிலானுக்கு வா. அகஸ்டினுக்கு வயது 31. பேச்சுக்கலை கற்பிக்கும் உயர்ந்த உத்தியோகம். அறிவில் இருந்த தடையெல்லாம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. வாழ்க்கைதான் நகர மறுத்தது. இளவயதிலேயே பரிசுத்தம் வேண்டும் என்று ஜெபித்தவர், கேட்டதை ஆண்டவர் உடனே கொடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே ஜெபித்தவர் அவர். ஒருநாள் பொந்திசியான் என்ற அரண்மனை உத்தியோகஸ்தர் வீட்டுக்கு வந்து, பேச்சுவாக்கில் அந்தோணியின் கதையைச் சொன்னார். திரியர் நகரத்தில் இரண்டு அதிகாரிகள் அந்தக் கதை எழுதியிருந்த புத்தகத்தை வாசித்து, அன்றைக்கே உத்தியோகத்தை விட்ட கதையையும் சொன்னார். அவர் போன பிறகு அகஸ்டினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நண்பர் அலிப்பியுவோடு தோட்டத்துக்குப் போனார். அங்கே ரோமர் நிருபத்தைத் திறந்து 13-ஆம் அதிகாரத்தை வாசித்ததும் வருஷக்கணக்கான இழுபறி முடிந்தது. உடனே உள்ளே போய்த் தாய் மோனிக்காவிடம் சொன்னார்.

எகிப்துக் கிராமத்தில் ஒரு வாலிபன் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. ஆண்டவருக்கு வேறு வழியும் இருந்திருக்கும். ஆனால் அந்த வாலிபனுக்கு மிலானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் கவனி.

இதற்குப் பிறகு அகஸ்டின் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மறுநாளே வேலையை உதறிவிட்டு ஊரைக் கூட்டவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் இருபது நாள் வாக்கில் இருந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தி, பிறகு அமைதியாக விலகினார். 387 ஈஸ்டரில்தான் ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். சம்மதத்தைத் தோட்டத்திலேயே கொடுத்துவிட்டார். மற்றவற்றுக்கு ஆகிற காலம் ஆயிற்று.

இன்னொன்று. சீக்கிரம் கீழ்ப்படிவதால் கிருபையைச் சம்பாதிக்க முடியாது. சகேயு பாதிச் சொத்தைக் கொடுப்பதாகச் சொன்னது, இயேசு அவன் வீட்டில் தங்க வருவதாகச் சொன்ன பிறகுதான்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இந்த மாதம் வேண்டாம். படிப்பை முடி, ஐயரவர்களிடம் மனம்விட்டுப் பேசு, ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்து வருஷம் முழுக்க நடத்து. சேகரக் கமிட்டியும் அதைத்தான் பார்க்கும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் உன் மனதில் முதலில் வந்த முகம் உன் அண்ணன் முகம் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி, அடித்திருக்கிறாய். அடித்தாலும் வாசிக்க முடிந்தது. அதற்குப் பரீட்சை முடிய வேண்டியதில்லை. அவன் கடை திறந்துவிட்டால் பேச முடியாது. காலையிலேயே போன் செய். எடுக்காவிட்டால் சாயங்காலம் மறுபடி செய். நீ பேசின கடுஞ்சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேள். அவன் பேசினதை ஞாபகப்படுத்தாதே. வீட்டுப் பங்கைப் பற்றி மூச்சு விடாதே. அதைப் பேச நானும் உன் பெரியப்பாவும் இருக்கிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
உன் மாமா