தாராளமா போவுதே, அப்புறம் என்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு ஒரு பேச்சு பழகிப்போகும். “ஒண்ணுக்கு தாராளமா போவுதும்மா, கிட்னிக்கு என்ன வந்துச்சு?” பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்பவருக்குப் பெரும்பாலும் சர்க்கரையோ பிரஷரோ இருக்கும். டாக்டர் சீட்டில் யூரின் ஆல்புமின், கிரியாட்டினின் என்று எழுதியிருப்பார். இவருக்கு அது வீண் அலைச்சல். நீர் நின்றுபோனால்தான் கிட்னி கெட்டது என்பது ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கு பலரைத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஒவ்வொன்றும் 150 கிராம் எடை இருந்தால் அதிகம். உள்ளே சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் முடிச்சாகக் கிடக்கும். அதன் வழியே தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கசிந்து இறங்கும். ரத்த அணுக்களும் ஆல்புமின் என்ற புரதமும் இந்தப் பக்கமே நின்றுவிடும். இப்படிக் கசிவது ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெளியே வருவது ஒன்றரை லிட்டர் சொச்சம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சாமானை எல்லாம் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துப்போவோமே, அந்த மாதிரி வேலை. தலைப்பில் இறங்கியதில் 99 சதவீதத்தை நெஃப்ரானின் நீண்ட குழாய் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கழித்துத் தள்ளுவது சுலபம், திரும்ப எடுப்பதுதான் சிரமம்.

நாம் தூங்கும்போது, அல்லது வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது, பிட்யூட்டரி சுரப்பி ஏ.டி.எச். என்ற ஹார்மோனை விடும். குழாய் இன்னும் அதிகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாக வரும். நாள்பட்ட சிறுநீரக நோயில் இந்தத் திறன் சீக்கிரமே போய்விடுவது உண்டு. அப்போது நீர் குறையாது, ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுப்பும், வெளுத்துப் போயிருக்கும். “தாராளமா போவுது” என்பதில் இதுவும் அடக்கம். (ராத்திரி எழுவதற்கு சர்க்கரை, ஆண்களுக்கு ப்ராஸ்டேட் என்று வேறு காரணங்களும் உண்டு, டாக்டர்தான் பிரித்துப் பார்ப்பார்.) யூரினோமீட்டர் என்று ஒரு கண்ணாடி மிதவை வைத்திருந்தோம். காலையில் எழுந்ததும் பிடித்த சிறுநீரில் போட்டால், நல்ல கிட்னிக்காரருக்கு 1.020-ஐத் தாண்டிக் காட்டும். சிலருக்கு காலையோ மத்தியானமோ, எப்போது போட்டாலும் 1.010-லேயே நிற்கும். தண்ணீர் போகிறது, கிட்னி அதில் வேலை எதுவும் செய்யவில்லை.

ஆல்புமின் பார்க்க அப்போது ஸ்பிரிட் விளக்குதான். முக்கால் டியூப் சிறுநீரை எடுத்து, மேல்பாதியை மட்டும் தீயில் காட்டுவோம். மேலே வெண்மையாகக் கலங்கும், கீழே தெளிவாகவே இருக்கும். உடனே முடிவு சொல்லக் கூடாது. அசெட்டிக் அமிலம் சில சொட்டு விட்டால், பாஸ்பேட் கலக்கமானால் கரைந்துவிடும். புரதமானால் அப்படியே நிற்கும். சர்க்கரை நோய் முதலில் அரிப்பது நெஃப்ரான் தலைப்பிலுள்ள அந்த ரத்தக்குழாய் முடிச்சைத்தான்; அப்போது ஆல்புமின் சிறுநீரில் கசியும். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, கிரியாட்டினினும் நார்மல் என்றே வரும். ஏறக்குறைய பாதி வேலைத்திறன் போன பிறகுதான் அது ஏறத் தொடங்கும். ஆகவே சர்க்கரை, பிரஷர் இரண்டில் ஒன்று இருந்தாலும் வருடம் ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமினும், ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. இந்த மாவட்டத்துப் பாறை அப்படி. பல ஊர்களில் போர் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம். பழுப்பேறிய பல்லை வைத்தே எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லிவிட்ட காலம் உண்டு. உடம்பில் சேரும் ஃபுளோரைடுக்குச் சிறுநீர்தான் முக்கியமான வாசல். பெரியவர்களுக்கு சுமார் பாதி அப்படிப் போய்விடும், மீதி எலும்பில் படியும். குழந்தைகளுக்கு எலும்பு வளர்வதால் தங்குவது அதிகம். கிட்னி தளர்ந்தவர்களுக்கும் அதிகம். 2013-ல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் குழாயில் வருவது பிந்தினால் போர் தண்ணியை மொண்டு கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கி வையுங்கள். பாத்திரம், துணிக்கு போர் தண்ணி போதும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வலி மாத்திரை. மூட்டு பிடித்துக்கொண்டவர், தக்காளி பறித்து இடுப்பு ஒடிந்தவர், செங்கல் சூளையில் கல் அறுப்பவர் எல்லாரும் மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குகிறார்கள். உடம்பில் தண்ணீர் வற்றும்போது, கிட்னி தனக்கு வரும் ரத்தக்குழாயை விரித்துவைத்துச் சமாளிக்கும். அந்த விரிப்பைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. வேர்வையும் மாத்திரையும் சேரும் நாள்தான் ஆபத்தான நாள். சீட்டில்லாமல் வாங்கித் தின்பதை நிறுத்துங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கேட்டவர்கள் கொஞ்சம்.

பெண்கள் கதை வேறு. காட்டு வேலைக்குப் போனால் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். கிட்னியிலிருந்து இறங்கும் குழாய் சும்மா ஒழுகும் குழாய் இல்லை. சதை சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைப் பையில் தள்ளிக்கொண்டே இருக்கும். பையில் 200 மில்லி சேர்ந்தாலே போகவேண்டும் போலத் தோன்றும். 400, 500 வரை தாங்கும். தாங்குகிறதே என்று தினமும் அடக்கினால், தேங்கிய நீரில் கிருமி பெருகும். பெண்களுக்கு வெளிவழி 4 சென்டிமீட்டர்தான், கிருமி ஏற அதிக நேரம் ஆகாது. “நீர்க்கடுப்புக்கா, வெயிலுக்கு வந்திருக்கும்” என்பார்கள். கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலாப்பக்கம் வலியும் சேர்ந்தால் அது மேலே கிட்னிக்கு ஏறிவிட்டது; அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பேர் வாழைத்தண்டுக்குப் போகும்.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. கிட்னி செயலிழந்தவருக்குத் தண்ணீருக்கே அளவு உண்டு. அவரைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர் வாங்கிப் போக வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியத்தை அந்தக் கிட்னியால் வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பே தடுமாறும்.

சாம்பிள் கொடுக்கும்போது முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். டானிக் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவர வேண்டாம், லேபிலேயே டப்பா தருவார்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் சொல்லிவிடுங்கள், தேதி தள்ளிக் கொடுக்கலாம். 24 மணி நேரச் சிறுநீர் கேட்டால், முதல் நாள் காலை எழுந்ததும் போவது கணக்கில் வராது. அதற்குப் பிறகு போவதெல்லாம், மறுநாள் காலை எழுந்ததும் போவது வரை, கேனுக்குள் போக வேண்டும். நடுவில் ஒரு தடவை மறந்துபோய் கழிப்பறையில் போய்விட்டால் மறைக்காதீர்கள். கேனைக் கொட்டிவிட்டு மறுநாள் முதலிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.