நெஞ்சுவலியும் நேரமும்

மாரடைப்பு கண்ட ஒருவர் மருத்துவமனையின் வாயிலை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது? வாயிலைக் கடந்த பின் சிகிச்சை தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? இவ்விரு வினாக்களுக்கும் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ‘கிரியேட்’ என்னும் ஆய்வு விடை தந்தது. நாட்டின் 50 நகரங்களில் உள்ள 89 மருத்துவமனைகளிலிருந்து 20,468 நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் அதற்கெனத் திரட்டப்பட்டன. முடிவுகள் 2008-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. நோயின் அறிகுறி தோன்றியது முதல் மருத்துவமனையை அடையும் வரை கழிந்த நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடங்கள். அதாவது, நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆறு மணி நேரத்திற்குப் பிறகே மருத்துவரைக் கண்டனர். அங்குச் சென்றபின் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்படும் வரை கழிந்ததோ 50 நிமிடங்களே.

வாயிலுக்கு வெளியே இழந்த நேரம், உள்ளே இழந்த நேரத்தைப் போல் ஏழு மடங்கு. மருத்துவமனைகளைப் பெருக்குவதும் கருவிகளை வாங்குவதும் இன்றியமையாதவை. எனினும் அவை முதன்மையாக அந்த 50 நிமிடங்களைக் குறைக்கவே உதவும். எஞ்சிய 360 நிமிடங்கள் வீட்டிலும், பணியிடத்திலும், தெருவிலும் கழிகின்றன. அவற்றைக் குறைக்க முதலில் வேண்டுவது, அறிகுறியை அறிகுறியாக ஏற்கும் மனம்.

பிரச்சினையின் அளவு

இந்தியாவில் நிகழும் மரணங்களுள் இதய நோய்களாலும் இரத்தக் குழாய் நோய்களாலும் நேர்பவை 1990-இல் சுமார் 15 சதவீதமாக இருந்தன. 2016-இல் சுமார் 28 சதவீதமாயின. கிரியேட் ஆய்வில் இடம்பெற்ற நோயாளிகளின் சராசரி வயது 57 ஆண்டுகளைச் சற்றே கடந்தது. பெங்களூரு ஜெயதேவா இதய நோய் மருத்துவ நிலையம் 40 வயதுக்கு உட்பட்ட நோயாளிகளுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கும் அளவுக்கு இளம் வயதில் இந்நோய் பரவியுள்ளது. மேலைநாடுகளில் பெரும்பாலும் ஓய்வு பெற்றபின் தாக்கும் நோய், இங்கே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே குடும்பத் தலைவரைப் பறித்துச் செல்கிறது. அவரோடு வருமானம் நிற்கிறது. கடன் மட்டும் நிற்பதில்லை.

நெஞ்சினுள் நிகழ்வது என்ன?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. புகையிலை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உழைப்பற்ற வாழ்க்கை ஆகியவை இதனை விரைவுபடுத்துகின்றன. ஒரு நாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. அக்குழாயை நம்பியிருந்த தசை உடனே மடிவதில்லை. சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக மடிகிறது. முதல் மணி நேரத்தில் அடைப்பு நீங்கினால் பெரும்பகுதித் தசை பிழைக்கும். மூன்று, நான்கு மணி நேரம் கடந்தால் பயன் விரைந்து குறையும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் கட்டியைக் கரைக்கும் மருந்தினால் பெரும்பாலும் பயன் இல்லை. மடிந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை.

மாரடைப்பும் இதயத் துடிப்பு நின்றுபோவதும் ஒன்றல்ல. முன்னது குழாயின் அடைப்பு. நோயாளி நினைவோடு இருப்பார், பேசுவார், நடக்கவும் கூடும். பின்னதில் அவர் நினைவிழந்து விழுவார். இயல்பான மூச்சு இராது. முதலாவதைக் கவனியாது விட்டால் எந்த நொடியிலும் இரண்டாவது நேரக்கூடும். ‘நடந்துதானே வந்தார்’ என்று பிறகு வருந்துவோர் மறந்த உண்மை இதுவே.

அறிகுறிகள்

மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பற்றிக்கொண்டு சாயும் திரைப்படக் காட்சியே பலர் நினைவுக்கு வருகிறது. உண்மையில் பெரும்பாலோர் உணர்வது கூரிய குத்தல் அன்று. மார்பின் நடுவே ஒரு பாரம், இறுக்கம், அழுத்தம் அல்லது எரிச்சல். அது இடக்கை, தோள், கழுத்து, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், காரணமற்ற களைப்பு, தலைசுற்றல் ஆகியவை உடன் வரலாம். சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ அதனை அவசர நிலையாகவே கருதவேண்டும்.

மேல் வயிற்றில் தோன்றும் வலியே அதிகமாக ஏமாற்றுகிறது. ‘வாயுப் பிடிப்பு’ என்று பெயரிட்டு, சோடாவும் இஞ்சிச் சாறும் ஓம நீரும் கொடுத்துப் படுக்க வைப்பது நம் இல்லங்களில் வழக்கம். ஏப்பம் வந்தால் நிம்மதி பிறக்கிறது. விடியும் வரை காத்திருக்கலாம் எனத் தோன்றுகிறது. வயிற்றுக் கோளாறா, இதயக் கோளாறா என்பதைத் தொட்டுப் பார்த்தோ, ஏப்பத்தைக் கொண்டோ கூற இயலாது. இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபடமும் இரத்தப் பரிசோதனையும் கொண்டே கூற இயலும்.

பெண்களுக்கும், முதியோருக்கும், நீண்டகால நீரிழிவு நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தோன்றாமலே மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்குவதும் மிகுந்த சோர்வும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். குடும்பத்தார் அனைவருக்கும் உணவு படைத்தபின் தன் களைப்பை நினைக்கும் இல்லத்தரசியின் தாமதம் இதனால் இரட்டிப்பாகிறது.

சிலருக்கு நாட்கணக்கில், வாரக்கணக்கில் முன்னறிவிப்பும் கிடைக்கிறது. மாடிப்படி ஏறும்போதோ, உணவுக்குப்பின் விரைந்து நடக்கும்போதோ மார்பு இறுகும், நின்றால் விட்டுவிடும். இது புதிதாகத் தோன்றினாலும், முன்பைவிடக் குறைந்த உழைப்பிலேயே தோன்றினாலும், ஓய்வாக இருக்கும்போதே வந்தாலும் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். ‘நின்றால் சரியாகிவிடுகிறது’ என்பது ஆறுதல் அன்று, அதுவே எச்சரிக்கை.

தாமதத்தின் காரணங்கள்

பெங்களூரு போன்ற மாநகரில் போக்குவரத்து நெரிசல் மீதே பழி சுமத்துவது எளிது. நெரிசல் மெய்யே; ஆயினும் ஆறு மணி நேரத்தை அது மட்டும் விழுங்குவதில்லை. முதல் தாமதம் முடிவெடுப்பதில் நேர்கிறது. பீன்யா தொழிற்பேட்டையில் முறைப்பணி செய்பவர் அரை நாள் கூலியை எண்ணிப் பார்க்கிறார். ஆட்டோ ஓட்டுநர் அன்றைய வாடகையை ஈட்டிவிட்டுச் செல்லலாம் என நினைக்கிறார். மென்பொருள் நிறுவன ஊழியர் இளமையையும் உடற்பயிற்சியையும் நம்புகிறார். நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்பத் தயங்குகிறார் முதியவர்.

இரண்டாவது தாமதம் இடைவழியில் நேர்கிறது. இ.சி.ஜி. கருவி இல்லாத மருந்தகத்துக்கோ, இரவில் மருத்துவர் இல்லாத சிறு மனைக்கோ சென்று, அங்கிருந்து வேறிடம் அனுப்பப்படுகிறார்கள். கிரியேட் ஆய்வின் நோயாளிகளுள் ஆம்புலன்சில் வந்தவர் மிகச் சிலரே. ஆனால் கர்நாடகத்தில் 108 எண் இலவச ஆம்புலன்ஸ் சேவை 2008-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

மூன்றாவது, செலவைப் பற்றிய அச்சம். இதற்கும் அவ்வாய்வு ஒரு விடை வைத்திருக்கிறது. முப்பது நாட்களுக்குள் இறந்தோர் வசதி படைத்தோரிடையே 5.5 சதவீதம், ஏழைகளிடையே 8.2 சதவீதம். ஏழைகளின் நோய் கடுமையானது என்பதன்று காரணம். பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டவுடன் இந்த இடைவெளி மறைந்துவிட்டது. வேறு சொற்களில் கூறினால், ஒரே சிகிச்சை கிடைத்தால் ஏழையும் செல்வரைப் போலவே பிழைக்கிறார். பொதுப் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான வழிகாட்டல் அரிது. 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்களுக்கு மைய அரசு உச்ச விலை நிர்ணயித்ததும், 2018-இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தொடங்கியதும் இத்திசையில் எடுத்த அடிகளாகும்.

கர்நாடகத்தின் அனுபவம்

பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் தொடங்கிய ஜெயதேவா நிலையம், பின்னர் பன்னேர்கட்டா சாலைக்குப் பெயர்ந்து, மைசூருவிலும் கலபுர்கியிலும் கிளைகள் கொண்டு, நாட்டின் பெரிய அரசு சார்ந்த இதய மருத்துவ நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. எனினும் மாநகரில் எவ்வளவு பெரிய நிலையம் இருந்தாலும், தொலைவிலுள்ள தாலுகாவில் நள்ளிரவில் வலி கண்டவருக்கு முதல் மணி நேரத்தில் அது எட்டுவதில்லை.

2021 அக்டோபர் 29 அன்று கன்னடத் திரைப்பட நடிகர் புனித் ராஜ்குமார் பெங்களூருவில் தமது 46-ஆம் வயதில் காலமானார். அன்று உடல்நலக் குறைவை உணர்ந்து குடும்ப மருத்துவரைக் கண்ட அவர், பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் காப்பாற்ற இயலவில்லை. அவர் பெயரில் கர்நாடக அரசு 2023-இல் தொடங்கிய ‘ஹ்ருதய ஜோதி’ திட்டம் மேற்கூறிய குறையை நீக்க முயல்கிறது. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.சி.ஜி. தொலைவிலுள்ள மையத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கு நிபுணர்கள் மாரடைப்பு என உறுதி செய்தால், வெளிச் சந்தையில் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள டெனெக்டிபிளேஸ் என்னும் கட்டி கரைக்கும் ஊசி அங்கேயே இலவசமாகச் செலுத்தப்படுகிறது. அதன்பின் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார்.

2025-ஆம் ஆண்டின் நடுவில் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்த திடீர் மரணங்கள் மாநிலமெங்கும் அச்சத்தை விளைத்தன. ஜெயதேவா நிலையங்களில், குறிப்பாக மைசூருவில், நலமாக இருப்போரும் பரிசோதனைக்காகப் பெருங்கூட்டமாகக் கூடினர். அரசு அமைத்த நிபுணர் குழு, மாரடைப்புகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியதற்குச் சான்றில்லை எனக் கண்டது. அச்சம் வேறு, விழிப்பு வேறு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அறிகுறியற்றவர் வரிசையில் நிற்கவும், அறிகுறி கண்டவர் வீட்டில் படுத்திருக்கவும் நேருமானால் அந்தக் கூட்டத்தால் எவருக்கும் பயனில்லை.

தமிழ்நாடு காட்டும் வழி

தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி கொண்ட மைய மருத்துவமனைகளையும் ஆம்புலன்சுகள் மூலம் ஒரே வலையில் இணைத்துச் சோதித்தனர். 2,420 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஓராண்டுக்குள் நிகழ்ந்த மரணங்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தன. இருக்கும் வசதிகளை ஒழுங்காக இணைத்ததனாலேயே நூற்றுக்கு மூவர் கூடுதலாகப் பிழைத்தனர்.

2023 ஜூனில் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டம் இன்னும் எளியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருவோருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடார்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகள் உடனே தரப்பட்டு, பின்னர் அவர்கள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். விலையால் சிறியவை எனினும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர் காப்பவை.

ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை

அறிகுறி தோன்றியவுடன் வேலையை நிறுத்தி உட்காரவேண்டும். 108-ஐ அழைக்கவேண்டும். தாமே வண்டி ஓட்டிச் செல்லலாகாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவு நோயோ இல்லாதவர், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை, முடிந்தால் 108 சேவையினரையோ மருத்துவரையோ கேட்டு, மென்று விழுங்கலாம். இதற்காகப் பயணத்தைத் தாமதப்படுத்தலாகாது. பிறருக்கு எழுதித் தந்த நாக்கடி மாத்திரையைத் தாமும் வைத்துக்கொள்வது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும். பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் எனப் பரப்பப்படும் செய்தி தவறானது.

மருத்துவமனையில் பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். முதற்படம் இயல்பாக இருந்தாலும் நோயில்லை என்று பொருளன்று. வலி தொடர்ந்தால் மீண்டும் படம் எடுப்பதும், டிரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்வதும் முறையாகும்.

நினைவிழந்து, இயல்பான மூச்சின்றி ஒருவர் விழுந்தால், உதவிக்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமிழும்படி விடாது அழுத்தவேண்டும். தொழிற்சாலைகள், அலுவலகங்கள், கல்லூரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் ஆகியன ஆண்டுக்கு ஒருமுறை இப்பயிற்சியை அளிப்பது பெருஞ்செலவன்று. இரவிலும் இ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனை அருகில் எது என்பதை ஒவ்வொரு குடும்பமும் இன்றே விசாரித்து எழுதி வைக்கலாம்.

மருந்து இருக்கிறது; கருவி இருக்கிறது; இலவச ஊர்தியும் இருக்கிறது. இவையனைத்தும் நோயாளி வரும் வரை காத்திருக்கின்றன. சோதனையில் வயிற்றுக் கோளாறு என்றே தெரியவந்தால் இழப்பது ஒரு மாலைப் பொழுது. தயங்கி வீட்டிலேயே இருந்துவிட்டால் ஒரு குடும்பம் இழக்கக்கூடியதற்கு எந்தக் கணக்கிலும் ஈடு இல்லை.